டேப்லெட் கரகரப்பு: தொண்டி வட்டார ஆய்வு, முதற்பகுதி

தொண்டி என்றதும் எந்தத் தொண்டி என்று கேட்பது தமிழாய்வு மரபு. சேரநாட்டுத் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. நமக்கு அது வேண்டாம். இங்கு ஆயப்படுவது இராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டம், பாக் விரிகுடாக் கரையிலுள்ள தொண்டி. ஆய்வுப்பொருள், டேப்லெட்டில் பாட்டு அமைக்கும்போது எழும் கரகரப்பு. பண்டைத் துறைமுகம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அறிஞர்கள் இதைத் தொடாமல் விட்டது ஏனென்று தெரியவில்லை.

கரகரப்பின் தோற்றம் பற்றி ஊரில் கட்சிகள் பல. உப்புக்காற்றுக் கொள்கையர் மூத்தவர்கள். கிரில் கேட் துருப்பிடித்தது, ஃப்ரிட்ஜ் துருப்பிடித்தது, ஆகவே டேப்பும் என்பது அவர்கள் வாதம். ஹெட்போன் பின்னைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் வெற்றி அவர்களுக்கே. திருகாமலே கரகரத்தால் வாயடைத்துப் போவார்கள். சவூதிச் சாமான் கொள்கையரோ, மச்சான் கொண்டுவந்த பொருள் பழுதாகாது என்ற ஒரே சூத்திரத்தில் நிற்பவர்கள்.

இரு சாராரும் நேரத்தை மறந்தனர் என்க. ஒலிக்கு வழக்கமாக விநாடிக்கு 44,100 மாதிரிகள் (சாம்பிள்) வேண்டும். டேப் அவற்றை 256, 512 எனக் கட்டுக்கட்டாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. கட்டின் பெயர் பஃபர். 256 மாதிரி என்பது 5.8 மில்லிவிநாடி. அதற்குள் அடுத்த கட்டு தயாராகாவிட்டால் ஒலி அறுந்து 'டப்' என்னும். அடுத்தடுத்து அறுந்தால் கரகரப்பு. எடுத்துக்காட்டாக, ஐபேடில் கர்நாடக இசை வாசிக்கும் மகேஷ் ராகவன் கையாளும் ஜியோஷ்ரெட் செயலி, தந்தியின் அதிர்வையே அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. கமகத்தை இழுக்க இழுக்கக் கணக்கும் பின்னாலேயே ஓடியாக வேண்டும்.

அற்றேல், பஃபரை 1024 ஆக்கினால் தீராதோ எனின், தீரும், வேறொன்று முளைக்கும். 1024 மாதிரி 23 மில்லிவிநாடி. அதற்குள் ஒலி காற்றில் எட்டு மீட்டர் போய்விடும். வாசலில் ஒருவர் தஃப் தட்ட, கொல்லையில் நின்று கேட்டுப் பாடுவது போலாகும். ப்ளூடூத் இயர்பட்ஸ் என்றால் தாமதம் 100 மில்லிவிநாடியைச் சாதாரணமாகத் தாண்டும். பாடுகிறவர் தெருமுனைக்கே போய்விட்டார். எனவே பதிவு செய்யும்போது ஒயர் ஹெட்போனும் சிறிய பஃபரும், மிக்ஸிங்கில் பெரிய பஃபரும் கொள்க.

இனி வெப்பவியல். ஐபேடுக்கு ஆப்பிள் விதித்த சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி. சித்திரை மாதத்து மாடியறை இவ்விதியை வாசித்ததில்லை. டேப்பினுள் விசிறி கிடையாது. சூடேறினால் ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் பத்து ட்ராக்கை முனகாமல் சுமந்தது, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் ஆறாவது ட்ராக்கிலேயே கரகரக்கும். தடித்த ரெக்சின் உறையைக் கழற்றுக. சார்ஜரைப் பிடுங்குக, சார்ஜ் ஏறுவதும் சூடுதான். ரிவெர்ப் தாராளமாகக் கொட்டிய ட்ராக்கை ஃப்ரீஸ் செய்து, அதன் கணக்கை முன்கூட்டியே முடித்துவைக்க. ஏரோப்ளேன் மோடும் நல்லது. கல்யாண குரூப்பின் வாட்ஸ்அப் படங்கள் பின்னணியில் இறங்குவதும் வேலைதானே.

மீன் ஐஸ்பெட்டி மேல் வைத்தால் என்ன என்று இளம் ஆய்வாளர் ஒருவர் வினவினார். கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த கருவியில் வியர்த்துச் சார்ஜர் ஓட்டைக்குள் இறங்கும். பிறகு உப்புக்காற்றுக் கொள்கையரைப் பிடிக்க முடியாது.

ஐயம் மிஞ்சினால் பாட்டை எக்ஸ்போர்ட் செய்து கேட்க. எக்ஸ்போர்ட்டில் டேப்புக்குக் கெடு இல்லை, ஆறஅமரக் கணக்கிடலாம். ஃபைலில் கரகரப்பு மறைந்தால் திணறியது டேப்தான். ஃபைலிலும் இருந்தால், பதிவின்போதே அறுந்திருக்க வேண்டும், அல்லது லெவல் சிவப்பில் ஏறிப் பிளந்திருக்க வேண்டும். பின்னதற்குப் பஃபரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

இம்முறையில் தேறிய பாட்டொன்று சவூதிக்கு அனுப்பப்பட்டது. மச்சானின் குரல்பதிவு உடனே வந்தது: "டேப்பு நல்லா ஓடுதுல்ல மாப்ள?" பாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.