பாலாடையும் எல்.இ.டி. பல்பும்

புறாக்குஞ்சு அழகாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் மயிர், முகத்துக்குப் பொருந்தாத பெரிய அலகு, திறக்காத கண். பல் விழுந்த தாத்தா மாதிரி இருக்கும். அப்படியொரு தாத்தா, மாடித் தகரத்துக்கடியில் இருந்த கூட்டைப் பூனை கலைத்துவிட்டுப் போன அன்று, சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்தார். கையில் அள்ளியதும் எனக்குச் சிபிச் சக்கரவர்த்தி ஞாபகம் வந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

புறா பால் கொடுக்கும் என்று எங்கோ அரைகுறையாகப் படித்திருந்தேன். மகள் குழந்தையாக இருந்தபோது வாங்கிய பாலாடையைத் தேடி எடுத்து, பசும்பாலைக் காய்ச்சி ஆற்றினேன்.

"ஏண்டா, பறவை என்னைக்குடா மாட்டுப்பால் குடிச்சுச்சு?" என்றார் அம்மா.

"உங்களுக்குத் தெரியாதும்மா. இது பால் குடிக்கிற சாதி."

பால் மூக்கு வழியாகக் கொப்பளித்தது. விடிவதற்குள் குஞ்சு போய்விட்டது. மீதி அரையை அதன் பிறகுதான் படித்தேன். புறாப்பால் என்பது தாய், தகப்பன் இரண்டுமே தொண்டைப் பையில் சுரக்கிற, பாலாடைக்கட்டி போன்ற ஒரு கட்டிப் பொருள். கொழுப்பும் புரதமும்தான் அதில். மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரை கிடையாது, அதைச் செரிக்கப் பறவைக்கு வழியும் கிடையாது. நம் வீட்டுத் தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினுக்கு 1933-ல் ஆஸ்கர் ரிடில் குழுவினர் பெயர் வைத்ததே புறாவின் தொண்டைப் பையைப் பார்த்துத்தான். இவ்வளவையும் தெரிந்துகொண்டபோது, கொய்யா மரத்தடியில் மண் காய்ந்திருந்தது.

அடுத்த குஞ்சு வந்தது ஐப்பசி மழையில். முள் இறகு முளைத்த வயசு, பத்து நாள் இருக்கலாம். குளிர்ந்த குஞ்சுக்குத் தீனி கொடுக்கக் கூடாது, முதலில் சூடுதான் என்று இந்த முறை நன்றாகவே படித்துவைத்திருந்தேன். பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் பழைய துண்டை விரித்து, மேலே பல்பைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். குஞ்சு நடுங்கிக்கொண்டே இருந்தது.

மனைவி வந்து பல்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, சூடு வராதுன்னுதானே வீடு பூரா எல்.இ.டி. மாத்துனோம்?"

பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தவளும் அவள்தான்.

தீனிக்கு, புறா வளர்க்கிற எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். நான் குஞ்சின் அலகைப் பிளந்து பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு அவனுக்குச் சிரிப்பு. "அண்ணே, அது காக்காக்குஞ்சு மாதிரி ஆன்னு வாயத் தொறக்காது. அதுதான் தாய் வாய்க்குள்ள அலக விடும்." சின்ன டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, நடுவில் கீறிவிட்டு, உள்ளே ஊறவைத்த கம்பும் பச்சைப்பயறும் போட்டான். குஞ்சு தலையை உள்ளே விட்டு, உடம்பெல்லாம் உதறி உதறித் தின்றது. நான் இரண்டு நாளாகப் பட்ட பாட்டை ஒரு பலூன் முடித்துவிட்டது.

தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் கூடை கூடையாக வாழைப்பழம் சூறைவிடுகிற ஊர் எங்களுடையது. கொடுப்பதென்றால் அளந்து கொடுத்துப் பழக்கமில்லை. மறுநாள் காலை குஞ்சின் இரைப்பை கல் மாதிரி இருந்தது. "பழைய தீனி இறங்குனாத்தாண்ணே புதுத் தீனி" என்று சொல்லி, பையன் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். குஞ்சு பிழைத்ததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் திருதிருவென்று நின்ற குஞ்சு. இறகு முழுக்க வந்திருந்தது. தேர்ந்த ஆள் அல்லவா நான், பாய்ந்து பிடித்து அட்டைப்பெட்டியில் போட்டேன். சாயங்காலம் துணி எடுக்கப் போன மனைவி கீழே இறங்கிவந்து, "ரெண்டு புறா சுவத்துல உக்காந்து தேடிக்கிட்டுக் கெடக்கு. யார் வீட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள். பறக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையாம். திருப்பிக் கொண்டுபோய் வைத்தபோது தாயோ தகப்பனோ ஒன்று என் மண்டைக்கு மேலேயே சிறகடித்தது.

இப்போது மீட்டர் பெட்டி மேல் நாலு ஈர்க்குச்சி, இரண்டு முட்டை. பதினெட்டு நாள் கணக்கு. அம்மா பாலாடையை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. கேட்டால், பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்கிறார்.