டாக்டர் ஓட்டுன வண்டிங்க

கோயமுத்தூரில் விற்பனைக்கு நிற்கும் பழைய ஏழு சீட்டர் ஒவ்வொன்றையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். சிங்கிள் ஓனர். கிளினிக்கும் மருதமலையும் தவிர வேறெங்கும் போகாத மனிதர். பத்து வருசத்தில் அறுபதாயிரம் கிலோமீட்டர் என்கிறது மீட்டர். கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. "டாக்டருக்குக் காலு கொஞ்சம் கனமுங்க" என்கிறார் வண்டியை விற்கும் கன்சல்டிங்காரர். நம்பர் பிளேட் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறதே, டாக்டர் ஊட்டிக்கு வாடகை அடித்தாரா என்று கேட்டால் நமக்குத்தான் நாகரிகம் தெரியவில்லை.

எல்லாக் கடையையும் சொல்லவில்லை. ஒழுங்கானவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விற்கும் வண்டிகளில் டாக்டர் வருவதில்லை.

வாங்குகிறவரும் பச்சைப் பிள்ளை இல்லை. பங்காளி வீட்டு முகூர்த்தத்தில், மண்டப வாசலில் நாலு பேர் பார்க்க இறங்க வேண்டும். புதுசு வாங்கினால் விலை மட்டுமா? 2023 நவம்பரில் ஆயுள் வரியும் ஏறியது. இருபது லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். எனவே பழசுக்கு ஃபைனான்ஸ் போட்டு, கண்ணாடியில் குலதெய்வத்தின் பேரை ஒட்டிக்கொண்டு காங்கேயம் ரோட்டில் பறக்கிறார். டாக்டர் கதையை அவர் நம்பவே இல்லை. தெரிந்தேதான் தவணையில் வாங்குகிறார்.

இவர்கள் இருவரும் எப்படியோ போகட்டும். கடைக்கு வண்டியை விற்றவர் என்ன பாவம் செய்தார்? 29, 30ஆம் படிவங்களில் வாங்குபவர் பேரை எழுதாமலே அவரிடம் கையெழுத்து வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொள்கிறார்கள். "நீங்க போங்க சார், நாங்க மாத்திக்கறோமுங்க." மாற்றுவதில்லை. மாற்றினால் ஆர்.சி. புக்கில் இன்னொரு கை ஏறும், விலை இறங்கும். விற்றுவிட்டுப் போன ரிட்டயர்டு வாத்தியார் பேரிலேயே வண்டி பொள்ளாச்சி, பாலக்காடு என்று சுற்றுகிறது. யாரையாவது அடித்துப் போட்டால்? எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பேர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018 பிப்ரவரியில், நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த ஊருக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் வெடித்த மாருதி 800 பல கை மாறிய வண்டி. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு புது விதி அறிவித்தது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரி முறைப்படி அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டி கைக்கு வந்ததை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். விற்கும்வரை அவரே உரிமையாளர். விபத்தும் வழக்கும் அவர் பொறுப்பு.

அந்த அங்கீகாரச் சான்றைக் கடைக்கடையாகத் தேடிப் பாருங்கள். சாமி படம் இருக்கும், ஊதுபத்தி புகையும். சான்று? "அதெல்லாம் எதுக்குங்க!" வாத்தியார் செல்லுக்கு அபராதச் சலான் மட்டும் தவறாமல் வருகிறது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளே, ரோட்டில் வண்டியை மறிப்பதை ஒருநாள் நிறுத்திவிட்டு, கடைக்குள் நுழைந்து அந்த இழுப்பறையைத் திறங்கள். பேர் எழுதாத 29, 30 எத்தனை கட்டு என்று எண்ணி ஊருக்குச் சொல்லுங்கள்.