டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்

பெறுநர்: மேன்மை தங்கிய வைஃபை சிப் தயாரிப்பாளர் சமூகம்
பொருள்: காணாமல் போன டிரைவர் தொடர்பாக

பேரன்புடையீர்,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கள் வாடிக்கையாளர் சேவையில் நாற்பது நிமிடம் காத்துக்கிடந்து நான் பெற்ற அருள்வாக்கு இது: "விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். அப்போதும் வைஃபை வராவிட்டால் தொடர்புகொள்ளுங்கள்." வீட்டை இடித்துவிட்டுக் கூப்பிடு, குழாயைப் பார்க்கிறேன் என்று சொல்லும் பிளம்பரை அதுவரை நான் கண்டதில்லை. பக்கத்தில் நின்ற பத்தாம் வகுப்பு மகள் கேட்டாள்: "இதுக்குத்தான் நல்லா இருந்த லேப்டாப்பைக் கெடுத்தியாப்பா?"

நல்லாத்தான் இருந்தது. 2017-ல் வாங்கியது. இதன் பிராசசர் விண்டோஸ் 11-க்கு ஆகாது என்றார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயாத பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட மனசு வராமல் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி நிறுவினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திரை வந்தது, சத்தம் வந்தது, பரணிலிருந்து இறக்கிய பிரின்டர்கூட ஒயரைச் செருகியதும் 'உள்ளேன் ஐயா' என்றது. தங்கள் வைஃபை மட்டும் ஆப்சென்ட்.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ -கே கட்டளையைத் தட்டினேன். தங்கள் சிப்பின் பெயரும் மாடல் எண்ணும் பளிச்சென்று வந்தன. சிப்பை ஓட்டும் மென்பொருளான டிரைவரின் வரி கீழே இருக்க வேண்டும், அதுதான் இல்லை. மதிய வெயிலில் டவுன் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தவனுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பஸ் நிற்கிறது, போர்டு மாட்டியிருக்கிறது, உள்ளே நாங்கள் வேர்த்துக் கொட்டுகிறோம். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

அவரை எங்கே பிடிப்பது? இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இணையத்துக்குப் போகத்தானய்யா டிரைவர் வேண்டும்! டீக்கடை அடுத்த ஊரில் இருக்கிறதாம், இந்த பஸ்ஸில்தான் போகவும் வேண்டுமாம். மனைவியின் போனில் தங்கள் தளத்தைத் திறந்தேன். பட்டியலில் விண்டோஸ் 7, 8, 10, 11, கடைசியில் 'மற்றவை'. அதைத் தொட்டேன். வெள்ளைப் பக்கம். அதன் நேர்மையை வணங்குகிறேன்.

கடைசியில் போனை யூஎஸ்பி ஒயரில் கட்டி, டெதரிங் போட்டு, முகம் தெரியாத தன்னார்வலர் ஒருவர் எழுதி வைத்த டிரைவரை இறக்கினேன். செக்யூர் பூட்டுக்கென ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு கீயைத் தட்டு என்று பத்திலிருந்து கீழே எண்ணியது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பூஜ்யம். வந்த மாற்று டிரைவரையும் லைசென்ஸ் காட்டவில்லை என்று படியிலேயே இறக்கிவிட்டார்கள். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி நீலத்திரை. இம்முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். வைஃபை வந்தது. எதிர்வீட்டு வைஃபையின் பெயரைப் பார்த்துக்கூடக் கண் கலங்கியது.

இனி கொஞ்சம் மரியாதை குறையும். உங்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதத் தெரியாதா? அந்த ஒயரின் மறுமுனையில் இருந்த ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதே லினக்ஸ் கெர்னல்தான். எத்தனையோ வீட்டு ரவுட்டர்களிலும் அதுதான். அங்கே சிப்பை மொத்தமாக லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், அதனால் டிரைவர் யூனிஃபார்ம் போட்டு சல்யூட் அடித்து நிற்கிறார். ஒற்றை லேப்டாப்காரன் கூப்பிட்டால் மட்டும் டீ குடிக்கப் போய்விடுகிறார். என்னிடமும் காசு வாங்கினீர்கள். சிப் எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டீர்கள். சிப் பேசுவதை ஒட்டுக்கேட்டு, தூக்கம் கெட்டு, பைசா வாங்காமல் எவனோ எழுதித் தருகிறான். உங்கள் பொருளை அவன் ஓட்டித் தருகிறான். வெட்கமாக இல்லை? லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வேறொரு சிப் கம்பெனியின் பெயரைச் சொல்லி, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அநாகரிகம் என்றுதான் போன சனிக்கிழமைவரை நினைத்திருந்தேன்.

பெரியோர்களே, மன்னிக்க வேண்டும். வெயில். தங்கள் பெருந்தன்மை உலகறிந்தது.

ஒரே ஒரு விண்ணப்பம். டிரைவரை அவசரப்படுத்த வேண்டாம், வடையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டே வரட்டும். அந்த ஆவணத்தை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போடுங்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோர சீட்டுப் பயணி

பின்குறிப்பு: நேற்று ராத்திரி கெர்னல் அப்டேட் ஆனது. வைஃபை மறுபடி இல்லை. இந்தக் கடிதம் யூஎஸ்பி ஒயர் வழியாகத்தான் வருகிறது.