அம்பத்தூர்–ஆவடி–பூந்தமல்லி வட்டாரக் கால்நோவியல்: ஒரு முன்னாய்வு

தமிழில் மாட்டுக்கு வாகடம் உண்டு, குதிரைக்கும் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு அம்பத்தூர் ஏரிக்கரையில் ஓடப்போய், ஆறேகாலுக்கு நொண்டிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பஸ்தருக்கு மட்டும் ஒன்றுமில்லை. அக்குறை தீர எழுந்தது இது.

ஆய்வெல்லை வருமாறு: கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், வடக்கே புழல் ஏரி, தெற்கே பூந்தமல்லி. 2011இல் சென்னை மாநகராட்சியில் கரைந்த அம்பத்தூரும், 2019இல் தானே மாநகராட்சியாகிவிட்ட ஆவடியும், இரண்டையும் வேடிக்கை பார்த்த பூந்தமல்லியும் இதனுள் அடங்கும். ஆட்சியால் வேறுபட்டாலும் ரோட்டுக் குழியால் மூன்றும் ஒன்றே என்பது துணிபு.

முதன்மைச் சான்றுகள் ஏரிக்கரைப் பெஞ்சுகளில் திரட்டப்பட்டன. இவற்றுள் தலையாயது பருத்திப்பட்டுப் பெஞ்சு. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை சுமார் 3 கிலோமீட்டர். ஏழு சுற்று ஓடினால் அரை மாரத்தான், பதினான்கு ஓடினால் கிட்டத்தட்ட முழு மாரத்தான். ஆகவே பெஞ்சில் அமர்ந்தவர் ஒரே ஆளைப் பதினான்கு முறை பார்த்து, பதினான்கு அறிவுரை வழங்க வாய்ப்புண்டு. எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு மாணவருக்கு இவ்வளவு கவனிப்பு கிடைப்பதில்லை.

நோவு ஐவகைத்து. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி அடித்தாற்போல் குத்துவது குதிகால் நோவு. பிசியோதெரபிஸ்டுகள் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்பர். கணைக்கால் எலும்பின் உட்புறம் எரிவது ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். முட்டியின் வெளிப்பக்கம் பிடிப்பது ஐ.டி. பேண்ட். கெண்டைக்காலின் அடித் தசைநாண் இழுப்பது நான்காவது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்ட்ராவா செயலியில் போட்ட பத்து கிலோமீட்டரைப் படுத்துக்கொண்டே பார்ப்பது ஐந்தாவது; இதற்கு மருந்தில்லை. இவ்வைந்தையும் ஐந்திணையோடு பொருத்தினால் முனைவர் பட்டம் உறுதி. வழிகாட்டி ஒத்துழைத்தால் முட்டிக்கு நெய்தலும் வைக்கலாம்.

ஓட்டக்காரர் வழியில் எதிர்ப்படுவன மூன்று. நாய்: தனி நூல் வேண்டும்.

மழைக்காலம்: தண்ணீர் வடிந்தபின் எழுதப்படும்.

மெட்ரோ: கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரையான தடம் 26.1 கிலோமீட்டர். பூந்தமல்லிக்காரர் அத்தடத்தை ஒட்டியே கடற்கரைக்கு ஓடினால், வழியில் அரை மாரத்தான் முடிந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் மீதி இருக்கும்.

இனிக் காரணவியல். “ஓடாதீங்க சார், முட்டி தேஞ்சிடும்” என்பது பெஞ்சு வழக்கு. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பொழுதுபோக்காக ஓடுவோரில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காடு என்றும், உட்கார்ந்தே இருப்போரில் 10.2 விழுக்காடு என்றும் கண்டது. பெஞ்சில் இருப்பவர்கள் இவற்றுள் எந்தக் கூட்டம் என்பதை மரியாதை கருதி அவர்களிடம் கூறவில்லை.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்டக்காரர் வேதம். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புது ஓட்டக்காரர்களை இரண்டு கூட்டமாக்கி, ஒன்றை இவ்விதிப்படியும் மற்றொன்றை வேறு திட்டப்படியும் ஓடவிட்டு, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கால் போயிற்று. விதி பொய்த்தது என்று கொள்ளற்க. விதிப்படி ஓடியும் நொண்டலாம், மீறி ஓடியும் நொண்டலாம் என்னும் சமநீதி அங்கே நிறுவப்பட்டது.

வட்டாரத்துக்கே உரிய காரணம் சாலையின் சாய்வு. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பது தண்ணீர் வடிவதற்காக. தண்ணீர் வடிவதில்லை, ஓரமாக ஓடுகிறவரின் ஒரு கால் மட்டும் நாள்தோறும் பள்ளத்தில் இறங்குகிறது. “அப்ப திரும்பி வரும்போது மறுபக்கம் ஓடுங்க” (பருத்திப்பட்டுப் பெஞ்சு, தண்ணீரைப் பார்த்தது, இடமிருந்து இரண்டாமவர், வாய்மொழி). “மறுபக்கமா? லாரிக்காரன் சும்மா விடுவானா?” (மேற்படி பெஞ்சு, மேற்படி ஆள், மஃப்ளர் கட்டாத நாள், தாம் முன்னர்ச் சொன்னதைத் தாமே மறுத்தது, மூன்றாமவர் அப்போது தும்மியதால் இறுதிச் சொல் சிதைந்து கிடைக்கிறது, “விடுவானா” என்பது நம் ஊகப் பாடம்).

இவையெல்லாம் முன்னுரை. இவ்வட்டாரத்தின் முதல் கால்தடை எப்போது நேர்ந்தது என்பதே ஆய்வின் உயிர்நிலை.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது திருமுல்லைவாயில். குறும்பரோடு போருக்கு வந்த தொண்டைமானின் களிறு இங்கே முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது. மன்னன் வாளால் கொடியை வெட்ட, அடியில் இருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து குருதி பெருகியது என்பது மாசிலாமணீசுவரர் கோயில் தலவரலாறு. சுந்தரர் தேவாரமும் அந்தக் களிற்றையும் கொடியையும் குறிக்கிறது. எனவே மேற்குப் புறநகரில் கால் காரணமாகப் பயணம் தடைப்பட்டதற்குக் கிடைக்கும் முதற்சான்று இதுவே.

சிக்கியது எந்தக் கால்? தேவாரம் சொல்லவில்லை, தலவரலாறும் சொல்லவில்லை. சான்று இல்லாத இடத்தில்தான் ஆய்வு தழைக்கும் என்பதால் ஏரிக்கரையில் நான்கு கட்சிகள் உருவாகியுள்ளன. முன்வலது என்பார், நல்ல காரியத்துக்குக் கிளம்பும் யானை வலக்காலைத்தான் முதலில் வைத்திருக்கும் என்பர். முன்னிடது என்பார், நல்ல காரியமாக இருந்தால் ஏன் சிக்கியது என்று கேட்பர். பின்வலதுக்கு ஒருவரே ஆதரவு. அவருக்கு வலது கெண்டைக்கால் பிடித்திருக்கிறது. பின்னிடது கட்சியார், நடக்கும் யானை இடப் பின்காலை எடுத்து, அதன்பின் இட முன்காலை எடுத்து, பிறகே வலப்பக்கம் போகும் என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் முதலாவது எதுவோ அதுவே சிக்கியிருக்கும் என்று அடம்பிடிக்கின்றனர். வட்டத்துக்குத் தொடக்கம் எது என்று கேட்டால் கோபம் வருகிறது.

இதனினும் வலிய ஒரு தடையுண்டு: யானை ஓடுமா? தாய்லாந்தில் 42 யானைகளை விரட்டிப் படமெடுத்த ஆய்வாளர்கள், விரையும் யானை உண்மையில் ஓடுகிறதா என்று 2003இல் நேச்சர் இதழில் கேட்டார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போனாலும் அதன் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தைவிட்டு எழுவதில்லை. ஆகவே யானை ஓடுவதன்று, அதன் காலை ஓட்டக்காரர் நோவியலில் சேர்ப்பது முறையன்று என்பாரும் உளர். பொருந்தாது. மாரத்தான் உலக சாதனையாளரே மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர்தான் போகிறார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஓடுவோர் போவதைச் சொல்லவே வேண்டாம். அவர்களை ஓட்டக்காரர் என்கிறோம், யானைக்கு மறுப்பது அடாது. மாரத்தான் 42 கிலோமீட்டர், யானையும் 42. இதில் உட்பொருள் காண விரும்புவோர் காண்க, கட்டுரையாளர் தடுக்கமாட்டார்.

கொடி தடுத்தபோது செய்யத்தக்கவை இரண்டு. பறம்பின் பாரி, படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தன் தேரையே விட்டுவிட்டான். அவன் வீடு திரும்பியது எவ்வாறு என்று எந்த உரைகாரரும் கேட்டதில்லை. நடந்துதான் போயிருக்க வேண்டும். இஃது ஓய்வு நெறி. தொண்டைமான் வெட்டிக்கொண்டு மேலே போகப் பார்த்தான், குருதி வந்தது. இவ்வட்டாரத்து ஓட்டக்காரர் அனைவரும் பாரியைப் புகழ்ந்துவிட்டுத் தொண்டைமானைப் பின்பற்றுகின்றனர். மார்கழியில் முட்டிக்குப் பட்டை கட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு, ஜனவரி சென்னை மாரத்தானுக்காக விடியுமுன் நேப்பியர் பாலத்துக்கு பைக்கில் கிளம்புவோரே இதற்குச் சான்று.

திருமுல்லைவாயிலில் நந்தி சன்னதியைப் பார்க்காமல் எதிர்ப்புறம் திரும்பியிருக்கிறது. மன்னனுக்குத் துணையாகப் புறப்பட்ட கோலம் என்பர். மாரத்தானில் கொடி பிடித்து முன்னால் ஓடும் பேசர் மரபு இதிலிருந்தே தொடங்கியது என்று நாம் நிறுவுவோம். மறுப்போர் நந்தி வேறு எதற்குத் திரும்பியது என்று சொல்லட்டும்.

சிகிச்சையில் பெஞ்சு வழக்கு பிரண்டைத் துவையல், நல்லெண்ணெய், “ஷூவை மாத்துங்க”, “ஷூவைக் கழட்டுங்க” என விரியும். மேலைநாட்டு வழக்கு ஐஸ். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பல்லாண்டுகள் கழித்து, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தாமே எழுதினார். அதற்குள் உலகின் ஃப்ரீசர்கள் நிறைந்துவிட்டன. மாசிலாமணீசுவரருக்கோ வெட்டுப்பட்ட இடம் குளிர ஆண்டு முழுதும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தில் களைந்து புதிதாகச் சாத்துவார்கள். இந்தச் சிகிச்சையை இதுவரை யாரும் திரும்பப் பெறவில்லை.

முடிபு: வலி அடங்கும்வரை ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதே பாரி நெறி, அதைக் கைக்கொண்ட ஓட்டக்காரர் ஒருவரும் ஆய்வெல்லைக்குள் அகப்படவில்லை. களிற்றின் கால் குறித்த கடிதங்கள் இரண்டாம் பதிப்புக்கு வரவேற்கப்படும். பின்னிடது கட்சியார் எழுத வேண்டாம். ஏரிக்கரையில் அவர்கள் சொன்னதே போதும்.