ஆகாயமும் அம்பாசிடரும்: பெருமுக்கல் சாலையில் பாட்டு பிடித்தல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

திண்டிவனத்தில் கிளம்பி மரக்காணம் சாலையில் பெருமுக்கல் போய்ச் சேர்வதற்குள், ஓடும் காரில் எத்தனை பாட்டை முழுசாகக் கேட்க முடியும்? இந்தக் கேள்வியை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் தொட்டதில்லை. தொட்டிருந்தால் எனக்கு இந்த வேலை மிஞ்சியிருக்காது. இவ்வாய்வுக்கு யாரிடமும் நிதி பெறவில்லை. பெட்ரோல் சித்தப்பாவுடையது, கை என்னுடையது. கை எதற்கு என்பது நான்காம் பகுதியில் விளங்கும்.

2. முன்னோர் பணி

பெருமுக்கல்லுக்கும் ஒலிபரப்புக்கும் உள்ள உறவு பழையது. மலைமேல் குகைப் பாறையில் யாரோ ஒரு காலத்தில் உருவங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லாத, இடைவிடாத ஒலிபரப்பு அது. என்ன சொல்கிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. நிலையம் இருக்கிறது, பெட்டி இல்லை. அலைவாங்கல் இயலின் முதல் விதி இங்கேயே கிடைத்துவிடுகிறது: அனுப்புகிறவர் உழைப்பு பாதி, வாங்குகிறவர் விதி பாதி.

இரண்டாம் சான்று 1760. தளபதி அயர் கூட் இங்கிருந்த கோட்டையைப் பிடித்தார். கோட்டை பிடிபட்டதே தவிர ஊர்ப்பெயர் ஆங்கிலேயருக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலக் குறிப்புகளில் பெருமுக்கல் ‘பெர்மாகாயில்’ என்று பதிவாகியிருக்கிறது. இதைக் காதின் குறை என்று மற்றவர்கள் சொல்லலாம். காயில் என்றால் ரேடியோவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் என்பதை அறிந்த நான், தீர்க்கதரிசனம் என்றே கொள்கிறேன்.

3. விண்ணிலிருந்து வந்த பாட்டு

இந்தியாவில் முதன்முதலாக எஃப்.எம். ஒலித்தது 1977இல், சென்னையில். எஃப்.எம்.முக்கு ஒரு குணம்: கோபுரத்தின் கண்ணுக்கு எட்டும் தூரம்வரைதான் அதன் ராஜ்யம். பூமி வளைந்து இறங்கினால் பாட்டும் இறங்கிவிடும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் கோபுரத்தையே வானத்துக்குக் கொண்டுபோனது. 1998இல் ஆஃப்ரிஸ்டார், 2000இல் ஏசியாஸ்டார் என்று இரண்டு செயற்கைக்கோள்கள். தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி எனத் தனித்தனிச் சேனல்கள். விளம்பர முகமாக ஏ.ஆர். ரஹ்மான் வந்தார். 2009 டிசம்பர் 31உடன் இந்தியாவில் சேவை நின்றது.

அமெரிக்காவில் இதே சரக்கு காரில்தான் விலைபோனது. அங்கே 2001இல் எக்ஸ்எம், அடுத்த ஆண்டு சிரியஸ் என்று தொடங்கி, 2008இல் இரண்டும் ஒன்றாயின. உயர்ந்த கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் தரையிலும் துணைக் கோபுரங்களை நட்டார்கள். நம் நாட்டில் அந்த ஏற்பாடு வியாபாரத்துக்கு வரவே இல்லை. நமக்கு வாய்த்தது வீட்டுப் பெட்டி. ஜன்னலோரம் ஆன்டெனாவைச் சாய்த்து வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டியது. அதைக் காரில் வைத்தால் என்ன என்று கேட்டவர் சித்தப்பா.

4. கள ஆய்வு

காலம்: 2006, கத்திரி வெயில். வாகனம்: வெள்ளை அம்பாசிடர். கருவி: கம்பி கோத்த தட்டை ஆன்டெனா. ஆய்வு உதவியாளர்: முன்சீட்டில் நான், கை ஜன்னலுக்கு வெளியே.

ஏசியாஸ்டார் நின்றது கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். பெருமுக்கல்லிலிருந்து பார்த்தால் அது கிழக்கில் சற்றே தெற்கு தள்ளி, தரையிலிருந்து சுமார் 57 பாகை மேலே. திண்டிவனத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையும் பொதுவாகக் கிழக்கு நோக்கியே போகிறது. ஆக, இயற்கையே இந்த ஆய்வுக்கு ஒத்துழைத்தது. சாலை வளையும்போது மட்டும் நான் எதிர்ப்பக்கம் வளைய வேண்டியிருந்தது.

“டேய், கொஞ்சம் தூக்கிப் புடிடா.”

“தூக்கித்தான் இருக்கேன் சித்தப்பா. புளியமரம் மறைக்குது.”

“மரம் என்னடா மறைக்கும்? அவன் அமெரிக்காவுல ஓட்டிக்கிட்டே கேக்கறான்.”

பின்சீட்டிலிருந்து சித்தி, “அவன் பையன் கையை வெளிய நீட்டச் சொல்லலையே,” என்றார். இந்தக் குறிப்பு ஆய்வேட்டில் சேர்க்கப்பட்டது.

மரம் மறைக்கும் என்பதே அறிவியல். அந்த அலைக்குப் பெட்டியும் கோளும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். 36,000 கிலோமீட்டர் வழி தப்பாமல் வந்த சங்கீதம் எங்கள் சாலைப் புளியங்கிளையில் மாட்டிக்கொண்டது. யானை போய் வால் சிக்கிய கதை. அதோடு டிஜிட்டலுக்கு நடுநிலை கிடையாது. வந்தால் பளிங்கு, வராவிட்டால் மௌனம். போனது திரும்பிப் பிடிபடச் சில நொடி ஆகும், அதற்குள் அடுத்த மரம் வந்துவிடும். தோடி ஆலாபனையில் தொடங்கியது கொன்னக்கோலாக வந்து சேர்ந்தது.

முழுதாகக் கேட்ட பாட்டு: ஒன்று. ஆட்டு மந்தை சாலையைக் கடந்தபோது, மரமில்லாத இடமாகப் பார்த்துக் கார் நின்றிருந்தது. ஓடும் காரில் விண்வழி வானொலி மிகச் சிறப்பாகக் கேட்பது கார் ஓடாதபோதுதான் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

5. ஒப்பாய்வு: 93.5

சூரியன் எஃப்.எம்.முக்குச் சென்னையிலும் 93.5, புதுச்சேரியிலும் 93.5. சென்னையிலிருந்து வரும் கார் மேல்மருவத்தூரைத் தாண்டியதும் இரண்டு சூரியன்களுக்கும் சண்டை மூளும். எஃப்.எம். பெட்டி ஒரு சந்தர்ப்பவாதி. ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வந்தால் பலத்தவன் பக்கம் முழுசாகச் சாய்ந்து, இளைத்தவன் இருந்த சுவடே தெரியாமல் அழித்துவிடும். பொறியியலார் இதைப் பிடிப்பு விளைவு என்பார்கள், ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு. இரண்டும் சம பலம் என்றால்தான் வேடிக்கை. சென்னை நகைக்கடையில் செய்கூலி கேட்கப் போனவரைப் புதுச்சேரி நகைக்கடை வரவேற்கும். நடுவே கரகர.

இந்தக் கரகரப்பை ஆய்வுலகம் குறை என்றே எழுதிவந்திருக்கிறது. நான் மறுக்கிறேன். பின்சீட்டில் அரைத் தூக்கத்தில் இருக்கும் சித்தி, கண்ணைத் திறக்காமலே, “ஒலக்கூர் வந்துட்டுதா? புளிசாதத்தை எடுங்க,” என்பது இந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான். மைல்கல்லைப் பார்க்கக் கண் வேண்டும், இதற்குக் காது போதும்.

6. பயன்மதிப்பு

கொடுத்த காசுக்குத் தகுமா என்பதே கடைசிக் கேள்வி. விண்வழிப் பாட்டு காஷ்மீரத்திலும் கன்னியாகுமரியிலும் ஒரே சுத்தத்தோடு ஒலித்தது. அதனாலேயே நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. கெட்டுப்போகத் தெரிந்த எஃப்.எம். காசு வாங்காமல் பாட்டோடு வழியும் சொன்னது. இப்போது செல்போனில் பாட்டு ஓடுகிறது, கரகரப்பு இல்லை. சித்தி ஊர் தாண்டித் தூங்கிவிடுகிறார், புளிசாதம் ஆறிப்போகிறது.

7. முடிவும் வருங்கால ஆய்வும்

அன்றைய தட்டை ஆன்டெனா இப்போது சித்தி வீட்டில் இட்லிமாவுக் குண்டானுக்கு மூடி. கழுவி முற்றத்தில் சாய்த்துக் காயவைக்கிறார். பழக்கதோஷத்தில் 57 பாகைக்குத்தான் சாய்க்கிறாரோ என்று போன பொங்கலுக்குக் கோணமானி வைத்து அளந்து பார்த்தேன்.

71. அதுவும் மேற்கே பார்த்து.