வாற முறை பாருங்கோ

இலங்கை உதைபந்தாட்ட அணி முன்னேறிக்கொண்டு வருகிறது என்ற நம்பிக்கை புத்தூர்ச் சந்தியிலும் அதை அண்டிய ஒழுங்கைகளிலும் ஆண்டு முழுவதும் காணப்படும். மாரி, கோடை என்ற பேதம் இதற்கு இல்லை. வெங்காய விலை விழுந்த காலங்களிலும் இது விழுந்ததில்லை. இதை உடையவர் பெரும்பாலும் ஆண். வயது இருபதுக்கும் எழுபதுக்கும் இடையில். வாழிடம் தேத்தண்ணிக்கடையின் முன்வாங்கு. தோல்விச் செய்தி காதில் விழுந்ததும் "வாற முறை பாருங்கோ" என்பது முதல் அறிகுறி.

நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என வென்றது. அதன்பின் சற்று இடைவெளி. 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கம்போடியாவுடன் இரண்டு ஆட்டங்களும் சமநிலையாகி, பெனால்டியில் இலங்கை தப்பியது. 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் 1-0 எனத் தோற்று, ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என வென்றது. 2027இல் சவூதி அரேபியாவில் நடக்கும் கிண்ணத்துக்குக் குழுவில் முதலாவதாக வருபவருக்கு மட்டுமே இடம். இந்தக் கடைசி விவரத்தை ரசிகர் அறிவார்; ஆனால் மதிப்பதில்லை.

நம்பிக்கை பிறருக்குத் தொற்றும் விதம் செயல்முறை விளக்கத்தின் மூலமாகும். மிக அண்மையில், சென்ற ஞாயிறு மாலை, தாய்லாந்தின் பின்களத்தை விளக்க மூன்று உளுந்து வடைகளும் ஒரு சீனிப் போத்தலும் தேவைப்பட்டன. வடைகள் விளக்கியவருடையவை அல்ல, பக்கத்தில் இருந்தவருடையவை. இடதுபக்கத் தடுப்பாளர் பந்தைத் தவறவிடும் கட்டம் வந்தபோது விளக்குபவர் உணர்ச்சிவசப்பட்டு அத்தடுப்பாளரை எடுத்துக் கடித்தார். மற்ற இருவரும் மேலதிக நேரத்தில் மறைந்தனர். வடைக்குக் காசு கொடுத்தவருக்கு மிஞ்சியது சீனிப் போத்தல். இதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை. ஆனால் அவை சூடான வடைகள்.

ரசிகரின் வாதங்களுள் தலையாயது தடைக்கால வாதம். 2023 ஜனவரி 21ஆம் திகதி ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. ஏழு மாதத்துக்கு மேலாக அணி சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடவில்லை. மற்றவர்கள் இதை அவமானம் என்பர். ரசிகர் இதைத் தோல்வியறியாத காலம் என்கிறார். இக்காலத்தில் இலங்கைக்கு எதிராக ஒரு கோலும் விழவில்லை. கோல்காப்பாளர் ஒரு தடவையேனும் வலைக்குள்ளிருந்து பந்தை எடுக்கவில்லை. மஞ்சள் அட்டை இல்லை, சிவப்பு அட்டை இல்லை, முழங்கால் முறிவு இல்லை. கடைசி நிமிடத்தில் கோல் வாங்கும் பழைய வியாதி முற்றாகக் குணமாகியிருந்தது. மத்தியஸ்தரின் அநியாயம் ஒன்றேனும் இல்லை. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் இலங்கை இல்லாத குறையைத் தீர்க்க லெபனானையும் குவைத்தையும் கூப்பிட்டார்களாம்: ஒரு இலங்கைக்கு ஈடாக இரண்டு நாடு. அதே காலத்தில் பிரேசில் தோற்றது, ஜெர்மனி தோற்றது, இலங்கை தோற்கவில்லை. தடையை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருந்தால் உலக சாதனை என்பது அவர் கருத்து. தடை நீங்கியதும் ஒக்டோபரில் யேமனிடம் 3-0 எனத் தோற்றதற்கு, ஆட விட்டதுதான் காரணம்.

இரண்டாவது வாதம் வம்சாவளி பற்றியது. ஜெர்மனியில் டிரெஸ்டன் கழகத்துக்கு ஆடிய கிளாடியோ கம்மர்க்னெக்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்றோர் இலங்கைச் சீருடை அணிந்ததிலிருந்து, வெளிநாட்டில் பந்து உதைக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் புத்தூரில் ஓர் அம்மம்மா தேடப்படுகிறார். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடும் விமல் யோகநாதன் வேல்ஸில் பிறந்தவர், அந்நாட்டு இளையோர் அணியில் ஆடியவர். அதெல்லாம் பேசித் தீர்க்கலாம் என்கிறார் ரசிகர், கலியாணப் பேச்சுக்குப் போகிறவரின் தொனியில்.

மூன்றாவது, எண்கணிதம். உலகக் கிண்ணத்தில் 1982இல் 24 அணிகள், 1998இல் 32, 2026இல் 48. 2030இல் 64 வேண்டும் என்று தென்னமெரிக்காவிலிருந்து ஒரு யோசனையும் வந்திருக்கிறது. ஃபிஃபாவில் இருப்பது 211 நாடுகள். இப்படியே போனால் ஒருநாள் எல்லாரையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். அன்று இலங்கையை யார் தடுப்பது? இக்குறிப்பை எழுதியவரும் தரவரிசையைக் கைபேசியில் திறந்தால் முதலாம் இடத்தைப் பார்ப்பதில்லை; நேரே அடிக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கி வாசிக்கிறார்.

ஊர் உதைபந்தாட்டத்துடன் இந்நம்பிக்கைக்குத் தொடர்பு மிகக் குறைவு. பின்னேரம் நாலரைக்குப் பெடியள் வெறுங்காலுடன் புழுதியில் பந்தடிக்கும் மைதானம் தேத்தண்ணிக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் ரசிகரை அங்கே காண முடியாது. கோல்கம்பத்துக்கு வலை வாங்க அவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், தோட்டத்தில் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும் நினைவு அவருக்கு வந்துவிடும். மாவட்டத் தெரிவுக்குப் போகும் பெடியனுக்குப் பஸ் காசு கொடுத்தவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. 2030ஐப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவருக்கு அந்த ஆண்டு விளையாட்டு வயதுக்கு வரப்போகிறவன் யார் என்று தெரியாது. அவனோ அந்நேரம் கடை வாசலில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டு நிற்கிறான். வழியை மறைக்கிறான் என்று பேச்சும் வாங்குகிறான்.

பரம்பல்: யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதி நெடுக நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் ஆகிய இடங்களில் இவ்வகை செழித்து வளர்கிறது. வல்லைவெளியைத் தாண்டினால், தங்கள் ஊர்க் கழகமே தேசிய அணியை வெல்லும் என்று நம்பும் வேறொரு வகை தொடங்குகிறது. உலகக் கிண்ண மாதத்தில் எல்லா வகைகளும் பிரேசில், ஆர்ஜென்டீனா கொடிகளுக்குக் கீழ் ஒதுங்கி, இறுதியாட்டம் முடிந்த மறுநாள் காலை முதல் பிளேன்ரீக்குள் தத்தம் வாங்குகளுக்குத் திரும்பிவிடுகின்றன.