அத்தான் விழுந்துட்டார்!

"விழுந்துட்டேன்! யாராவது வந்து தூக்குங்கப்பா!"

நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்பில் தோசையை அப்படியே விட்டுவிட்டு, தோசைத் திருப்பியோடு குளியலறைப் பக்கம் ஓடினாள். அங்கே நான் இல்லை. ஹாலுக்கு வந்து பார்த்தால் சோபாவில் சம்மணம் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"உட்கார்ந்த இடத்துலேயே விழறதுக்கு உங்களாலதான் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கருகிய தோசை என் தட்டுக்கே வந்தது.

நான் விழுந்தது எராங்கல் தீவில், பொச்சிங்கி என்ற ஊரில். பிஜிஎம்ஐ என்ற செல்போன் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு அந்த ஊர், எங்கள் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு மாதிரி. ஆளாளுக்கு அங்கேதான் இறங்குவார்கள். விமானத்திலிருந்து 100 பேர் குதித்து, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு சுட்டுக்கொள்ள வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிக்கிற அணிக்கு வெற்றி. நான்கு பேர் ஓர் அணி. எங்கள் அணியில் கல்லூரி முதல் வருஷம் படிக்கும் என் மகன், கோவையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மச்சான், சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் என் அக்கா மகன், அப்புறம் 47 வயதில் நான். நாலாவது ஆள் கிடைக்காத ஒரு ராத்திரியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றுவரை நீக்க மனசு வரவில்லை.

இதில் குண்டடி பட்டவுடன் செத்துப்போவதில்லை. முதலில் 'நாக்' ஆவோம். துப்பாக்கி பிடிக்க முடியாது. குழந்தை மாதிரி தவழலாம். உயிர்க்கோடு மட்டும் குறைந்துகொண்டே வரும். அதற்குள் நம் ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து 'ரிவைவ்' கொடுத்துவிட்டு, 10 விநாடி அசையாமல் இருந்தால் எழுந்துவிடலாம். பத்து விநாடி என்ன பெரிய நேரம் என்று கேட்பவர்கள், நாலு பக்கமும் குண்டு பறக்கும்போது நடுவில் குந்திப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் மின்சாரம் போய்த் திரும்புகிற நேரத்தைவிட நீளமாக இருக்கும்.

விழுந்தவரைத் தூக்கிவிடும் இந்த ஏற்பாடு பழையதுதான் என்று மகன் ஒருநாள் பாடம் எடுத்தான். 2006-ல் வந்த 'கியர்ஸ் ஆஃப் வார்' ஆட்டத்திலேயே உண்டாம். 2008-ல் வந்த 'லெஃப்ட் ஃபோர் டெட்'டில் நான்கு பேர் ஜோம்பிகளோடு சண்டை போடுவார்கள். அதில் கீழே கிடந்தபடியே கைத்துப்பாக்கியால் சுடலாம். எங்கள் ஆட்டத்தில் கிடப்பவனுக்கு மிஞ்சுகிற ஒரே ஆயுதம் வாய்.

அந்த ஆயுதத்தை நாங்கள் வீணாக்கியதில்லை. நிற்கும்போது எதிரி எங்கே என்று தெரியாமல் விழிப்பவன், விழுந்த மறுகணம் படைத்தளபதி ஆகிவிடுவான். "மாடியில ஒருத்தன், மரத்துக்குப் பின்னால ஒருத்தன், நீ இடது பக்கமா சுத்தி வா, குனிஞ்சு வா, இப்ப வராதே, ஏன் வரலை?" இவ்வளவும் தெரிந்தவர் ஏன் விழுந்தார் என்று கேட்கக் கூடாது. டீக்கடையில் உட்கார்ந்து கிரிக்கெட் கேப்டனுக்கு யோசனை சொல்கிறவரை நாம் அப்படிக் கேட்கிறோமா?

ஆட்டமே விழுந்து எழுந்ததுதான். பப்ஜி என்ற பெயரில் இருந்தபோது 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை போட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பெயரை மாற்றிக்கொண்டு எழுந்தது. 2022 ஜூலையில் மறுபடி விழுந்தது. 2023 மே மாதம் மறுபடி எழுந்தது. மூன்று வருஷத்தில் இரண்டு நாக், இரண்டு ரிவைவ். எனக்கு அது கால் மணி நேரக் கணக்கு.

சின்ன வயதில் லால்குடிப் பக்கம் நாங்கள் ஆடிய கபடியிலும் செத்துப் பிழைப்பது உண்டு. அவுட்டானவர்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார வேண்டும். நம் ஆள் பாடிப் போய் எதிரியில் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தால், இங்கே ஒருவனுக்கு உயிர் வரும். முதலில் செத்தவன் முதலில் எழுவான். இதில் பிடித்தவன், பிடிக்காதவன் என்ற பேச்சே இல்லை. போனஸ் புள்ளி எடுத்தால் மட்டும் யாருக்கும் உயிர் வராது. போனஸ் உயிரைக் காப்பாற்றாது என்று எந்த அலுவலகத்துக்கும் முன்னால் கண்டுபிடித்தது கபடிதான்.

செல்போனில் அப்படி வரிசை கிடையாது. ஒருவர் மனசு வைத்து, ஓடி வந்து, குந்தித் தூக்கினால்தான் உண்டு. அதனால்தான் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது.

என் மச்சான் கட்டாயம் வருவான். "இதோ வந்துட்டேன் அத்தான்!" என்பான். ஆனால் கடைக்காரன் ஆயிற்றே! வழியில் மூன்று வீடு இருந்தால் மூன்றிலும் நுழைந்து சரக்கு பார்த்துவிட்டுத்தான் வருவான். அவன் வந்து சேரும்போது நான் பெட்டியாகியிருப்பேன். ஆம், இந்த ஆட்டத்தில் செத்தவர் தன் உடைமைகள் அடங்கிய பெட்டியாக மாறிவிடுவார். அவன் பெட்டியைத் திறந்து, "அத்தான், எய்ட் எக்ஸ் ஸ்கோப் வெச்சிருந்தீங்களா? சொல்லவே இல்லையே!" என்பான். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் பீரோவைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கும்.

அக்கா மகனுக்குத் தகவல் முழுசாக வேண்டும். "மாமா, எந்தத் திசையிலேருந்து அடிச்சான்? ஒருத்தனா, ஸ்குவாடா? கவர் இருக்கா?" ஆபீஸில் புகார் பதிவு செய்கிற பழக்கம். நான் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோடு தீர்ந்துவிடும். "சாரி மாமா" என்று புகாரை முடித்துவைப்பான்.

என் மகன்தான் ஒழுங்காகத் தூக்குவான். முதலில் புகைக்குண்டு எறிந்து மறைப்புப் போடுவான். பிறகு உள்ளே வந்து குந்துவான். ஆனால் அந்தப் பத்து விநாடியும் திட்டுவான். "எத்தனை தடவைப்பா சொல்றது? வெட்ட வெளியில நேரா ஓடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? சொன்னதைக் கேட்டாத்தானே?" பன்னிரண்டு வருஷம் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் நான் பேசிய வசனம். மாடுலேஷன்கூட மாறவில்லை.

நான் தூக்கப் போன கதை வேறு. ஒருநாள் மகன் வயல் நடுவில் விழுந்து கிடந்தான். எதிரி அவனை முடிக்காமல் விட்டிருந்தான். அது தூண்டில் புழு என்பது மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பெற்ற மனசுக்குத் தெரியுமா? நேராக ஓடினேன். இரண்டே குண்டு. அவன் பக்கத்திலேயே நானும் தவழ்ந்தேன்.

"நீங்க ஏம்ப்பா வந்தீங்க?"

"நீதானேடா கூப்பிட்ட?"

"ஸ்மோக் போடச் சொல்லித்தான்பா கூப்பிட்டேன்."

அதைவிட மோசமானது போன மாதம் நடந்தது. அன்று புகை போட்டேன், ஊர்ந்து போனேன், குந்தினேன், எல்லாம் முறைப்படி. ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது விநாடியில் திரை மறைந்து போன் மணி அடித்தது. துண்டிக்கப் பார்த்த கை, பதற்றத்தில் எடுத்துவிட்டது. "வணக்கம் சார், பர்சனல் லோன் வேணுமா?" நான் அந்தப் பெண்ணிடம் "இல்லம்மா, பையன் செத்துக்கிட்டிருக்கான்" என்றேன். எதிர்முனையில் ஒரு விநாடி அமைதி. "சரி சார், அப்ப மெடிக்கல் லோன்..."

மகன் இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு ஒரு ராத்திரி மூன்று பேரும் செத்துப்போய், நான் மட்டும் ஒரு புதருக்குள் மிச்சமிருந்தேன். செத்தவர்கள் மூவரும் என் திரையைப் பார்த்தபடி காதுக்குள் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ குண்டு வந்தது. தவழலாம் என்று தயாரானேன். தவழ விடவில்லை. நேரே பெட்டி.

"ஏண்டா, எனக்கு மட்டும் நாக் கிடையாதா?" என்று கேட்டேன்.

"தூக்கிவிட யாராவது நின்னுக்கிட்டு இருந்தாத்தான்பா நாக். யாரும் இல்லேன்னா நேரா பெட்டிதான்" என்றான் மகன், கொட்டாவி விட்டபடி.

நான் அன்றைக்குக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை நாக் ஆவதை என் திறமைக் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். அது எனக்கு மூன்று பேர் இருந்ததற்கான ரசீதாம். வழியில் கடை பார்க்கிறவன், கேள்வி கேட்கிறவன், திட்டுகிறவன் என்று மூன்று பேர். லேட்டாகத்தான் வருவார்கள், ஆனாலும் அவர்கள் இருக்கிறவரைக்கும்தான் நம்மால் விழவே முடியும்.

கடன் கொடுக்கத் துடிக்கும் நல்லுள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு ஒன்பதரையிலிருந்து பத்தரை வரைக்கும் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் நான் யாரையாவது தூக்கிக்கொண்டிருப்பேன்.